லேசா இடிச்சாலும் பர்ஸ் காலி! பழைய காருக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவது எப்படி?

வெள்ளானூர்:

ஆவடியில் இருந்து வெள்ளானூர், மோரை பக்கம் வரும் ரோட்டில் காலை 8 மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் காலேஜ் பஸ், இன்னொரு பக்கம் ஜல்லி லாரி, நடுவில் ஷேர் ஆட்டோ, அதற்கும் நடுவில் டூவீலர். பக்கத்திலேயே வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. இந்த நெரிசலில் கீறல் இல்லாத கார் கிடைப்பது கஷ்டம்.

புது கார்க்காரர் பிரச்சினை வேறு. ஷோரூமுக்கு ஒரு போன் போட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம்ம ஏரியாவில் ஓடுவதில் பாதிக்கு மேல் பத்து, பன்னிரண்டு வருட வண்டி. செகண்ட் ஹேண்டில் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கி, கடனும் கட்டி முடிக்காத வண்டி. அதில் பம்பர் உடைந்தால் டிங்கரிங் ஷெட்டில் 12 ஆயிரம் கேட்கிறார்கள். மாச சம்பளத்தில் அது பெரிய ஓட்டை.

"அதான் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறோமே, அவன் தர மாட்டானா?" என்று கேட்டால், தருவான். ஆனால் முழுசா தர மாட்டான். சில நேரம் வாங்காமல் இருப்பதே லாபம். எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக்கூடாது, எவ்வளவு வெட்டுவார்கள் என்ற விவரம் இதோ.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்க!

பீரோவில் இருக்கும் பாலிசி பேப்பரை எடுங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது? "தேர்ட் பார்ட்டி" மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. நீங்கள் இடித்ததால் அடிபட்டவருக்கும், அவர் வண்டிக்கும்தான் அந்தப் பாலிசி. போலீஸ் கேட்கும் என்பதற்காக நிறையப் பேர் போடுவது இதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2 ஆயிரம், மறுபடி மாட்டினால் 4 ஆயிரம் ரூபாய் அபராதம். ஜெயிலும் உண்டு.

உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வேண்டும் என்றால் "ஓன் டேமேஜ்" சேர்ந்த பாலிசி வேண்டும். கம்ப்ரிஹென்சிவ், பேக்கேஜ், ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது எல்லாம் இதுதான்.

அந்தப் பேப்பரில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடு போனாலோ, சுத்தமாக நொறுங்கினாலோ அதிகபட்சம் கிடைக்கும் தொகை அது. 5 வருடத்துக்கு மேல் போன காருக்கு இது நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பதுதான். ஏஜெண்ட் எழுதியதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் "டோட்டல் லாஸ்" கணக்கில் போய்விடும். ஐ.டி.வி. 40 ஆயிரம் என்று குறைத்துப் போட்டு பிரீமியத்தில் நூறு, இருநூறு மிச்சம் பிடித்தவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். 30 ஆயிரத்தைத் தாண்டிய பில்லுக்கே வண்டி காலி கணக்கு!

எவ்வளவு வெட்டுவார்கள்?

இங்கேதான் பலருக்கு ஷாக். மாற்றும் உதிரி பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள்.

* பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகம், டயர், டியூப், பேட்டரி: எந்த வயசு வண்டியானாலும் பாதி கழிவு

* ஃபைபர் கிளாஸ் பாகம்: 30 சதவீதம் கழிவு

* கண்ணாடி: கழிவே கிடையாது

* இரும்பு, தகடு போன்ற மற்ற பாகங்கள்: வண்டி வயசு 5 முதல் 10 வருடம் என்றால் 40 சதவீதம் கழிவு, 10 வருடம் தாண்டினால் 50 சதவீதம் கழிவு

* பெயிண்டிங்: மொத்த பில்லில் 25 சதவீதத்தை பெயிண்ட் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்

* கூலி: கழிவு கிடையாது

இதெல்லாம் போக, கட்டாயக் கழிவு என்று ஒன்று. 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு தடவை கிளைம் போடும்போதும் 1,000 ரூபாய், அதற்கு மேல் சிசி என்றால் 2,000 ரூபாய். பிரீமியம் குறையும் என்று "வாலண்டரி" கழிவுக்கும் ஒத்துக்கொண்டிருந்தால் அதுவும் போகும்.

"பம்பர் டு பம்பர்", "ஜீரோ டெப்" என்று சொல்லும் கூடுதல் கவர் இருந்தால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் வயசான வண்டிக்கு அதைத் தர கம்பெனிகள் பொதுவாகத் தயங்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்!

11 வருட சின்ன கார் ஒன்று. முன்னால் போன வண்டியில் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பம்பர் 2,400. ஹெட்லைட் பிளாஸ்டிக் 1,800. தகடு மட்கார்டு 1,600. டிங்கரிங் கூலி 2,500. பெயிண்டிங் 4,000. ஆக மொத்தம் 12,300 ரூபாய்.

கம்பெனி கணக்கு: பம்பருக்கு 1,200. லைட்டுக்கு 900. மட்கார்டுக்கு 800. கூலி முழுசா 2,500. பெயிண்டிங்கில் 500 வெட்டி 3,500. கூட்டினால் 8,900. கட்டாயக் கழிவு 1,000 போக கைக்கு வருவது 7,900. மிச்சம் 4,400 உங்கள் பாக்கெட்டில் இருந்துதான்.

சரி, 7,900 லாபம்தானே என்று நினைக்க வேண்டாம். இன்னொரு செலவு பின்னால் வருகிறது.

போனஸ் போச்சே!

கிளைம் கேட்காத வருடங்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் தரும் தள்ளுபடிதான் "நோ கிளைம் போனஸ்". முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை கிளைம் வாங்கினால் போதும், பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி முதல் படியில் இருந்து ஏற வேண்டும்.

ஓன் டேமேஜ் பிரீமியம் 3,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது என்றால் இப்போது கட்டுவது 1,500. கிளைம் வாங்கிய அடுத்த வருடம் முழுசா 3,000. அதில் 1,500 நஷ்டம். அடுத்தடுத்த வருடங்களில் 900, 750, 450, 150 என்று நஷ்டம் தொடரும். பழைய 50 சதவீதத்தைத் தொடுவதற்குள் மொத்தம் 3,750 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஜிஎஸ்டி தனி.

ஆக மேலே சொன்ன 7,900 ரூபாய் கிளைமில் உண்மையான லாபம் 4,150தான். பரவாயில்லை, கேட்கலாம்.

வெறும் கீறல், பெயிண்டிங் மட்டும் 3,000 ரூபாய் என்றால்? பொருள் கழிவு 375, கட்டாயக் கழிவு 1,000 போக வருவது 1,625. அதற்காக 3,750 போனஸை விடுவதா? இதற்குப் பேர்தான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பேசாமல் ஷெட்டில் காசு கொடுத்து முடித்துவிடுங்கள். போனஸே இல்லாதவருக்கு இழக்க வேண்டியது குறைவு. அவர் கணக்கு வேறு.

உடனே செய்ய வேண்டியது என்ன?

1. வண்டியை நகர்த்துவதற்கு முன் செல்போனில் போட்டோ எடுங்கள். இடித்த இடம், எதிர் வண்டி நம்பர், ரோடு எல்லாம் தெரிய வேண்டும்.

2. கம்பெனியின் இலவச நம்பருக்கு அன்றைக்கே போன் போட்டு கிளைம் நம்பர் வாங்குங்கள். ஏஜெண்டிடம் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள்.

3. சர்வேயர் பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்காதீர்கள். "நாளைக்கே ரெடி பண்ணித் தரேன் அண்ணே" என்று மெக்கானிக் அவசரப்படுவார். பிரித்துவிட்டால் சேதத்துக்குச் சாட்சி இல்லை.

4. கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க் ஷாப் என்றால் கேஷ்லெஸ். உங்கள் பங்கை மட்டும் கட்டலாம். நம்ம ஊர் ஷெட்டில் செய்தால் முதலில் கைக்காசு, அப்புறம் பில் கொடுத்து வாங்க வேண்டும். முதலிலேயே எஸ்டிமேட் எழுதி வாங்கி சர்வேயரிடம் ஒப்புதல் பெறுங்கள்.

5. புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போட்டால் பாதி விலையில் முடியும்தான். ஆனால் பில் இல்லாத பாகத்துக்கு கிளைம் நிற்காது. கைக்காசில் ரிப்பேர் என்றால் மட்டும் புதுப்பேட்டை போங்கள்.

சின்ன இடிக்கு எப்.ஐ.ஆர். பொதுவாகத் தேவைப்படாது. யாருக்காவது அடிபட்டாலோ, கார் திருடு போனாலோ போலீஸ் ஸ்டேஷன் போயே ஆக வேண்டும்.

"ஐநூறு வெச்சிக்கோ சார்!"

இடித்தவர் ரோட்டிலேயே ஐநூறோ, ஆயிரமோ நீட்டுவார். கூட்டம் கூடிவிடும். "விடுங்க சார், போங்க சார்" என்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே ரேடியேட்டர் நசுங்கியிருக்கலாம். குறைந்தபட்சம் வண்டி நம்பரையும் போன் நம்பரையும் வாங்காமல் விடாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், சேதம் எவ்வளவு என்று தெரியாமல் போடாதீர்கள்.

நீங்கள் இடித்தவராக இருந்தால் இன்னொரு விஷயம். கார் பாலிசியில் அடுத்தவர் சொத்து சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை கவர் உண்டு. பயந்துபோய் கேட்டதை எல்லாம் கொடுக்க வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள் உஷார்!

பழைய கார் வாங்கியதும் ஆர்.சி.யை மாற்றுவார்கள், இன்சூரன்ஸை மறந்துவிடுவார்கள். தேர்ட் பார்ட்டி கவர் வண்டியோடு தானாக வந்துவிடும். ஆனால் ஓன் டேமேஜ் அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.சி. உங்கள் பேரில், பாலிசி பழைய ஓனர் பேரில் என்றால் கிளைம் அவுட்! போனஸும் ஆளோடு போவது, வண்டியோடு வராது. விற்றவரின் போனஸை வைத்து பாலிசி போட்டிருந்தால் அதைக் காட்டியே கிளைமை மறுப்பார்கள்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் காலி.

15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பதிவு காலாவதியான வண்டிக்கு கிளைம் தரத் தேவையில்லை என்று 2021-ல் ஒரு கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆனால் புகை சர்டிபிகேட் இல்லை என்று சொல்லி மறுத்தால் விடாதீர்கள். அதைக் காரணமாக வைத்து மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் தெளிவுபடுத்திவிட்டது.

கேஸ் கிட் மாட்டியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றுங்கள். ஒயிட் போர்டு காரை வாடகைக்கு ஓட்டி மாட்டினால் கிளைம் சிக்கல்தான். ஆனாலும் இப்படிப்பட்ட வழக்கில் முழுசாகக் கையை விரிக்கக்கூடாது, ஒரு பகுதியாவது தர வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

மழைத் தண்ணியில் நின்ற காரா?

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நம்ம பக்கம் யாருக்கும் மறக்காது. தண்ணீரில் நின்ற காரை மட்டும் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் ஜாம் ஆனால் "நீ ஸ்டார்ட் பண்ணியதால்தான்" என்று கம்பெனி ஒதுங்கிவிடும். தள்ளி ஏற்றி, டோ பண்ணிக் கொண்டு போங்கள். சின்ன செலவில் முடியவேண்டியது அப்படித்தான் பெரிய செலவாகிறது.

பணம் தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். லேட்டாகச் சொன்னதாக மட்டும் காரணம் காட்டினால் மசிய வேண்டாம். நியாயமான காரணத்தால் லேட் ஆன கிளைமை அதற்காகவே தள்ளக்கூடாது என்று ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

அடுத்து ஆணையத்தின் "பீமா பரோசா". 155255 என்ற நம்பருக்குப் போன் போட்டே புகார் பதியலாம்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம். சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. பீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அதுவும் இல்லை என்றால் நுகர்வோர் கோர்ட். வெள்ளானூர்க்காரர்களுக்கு திருவள்ளூர் மாவட்டம். 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு பீஸ் இல்லை.

இதற்கெல்லாம் கையில் பேப்பர் வேண்டும். கிளைம் நம்பர், எஸ்டிமேட், பில், மறுப்புக் கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாயால் "முடியாது" என்றால் "எழுத்தில் கொடுங்க" என்று கேளுங்கள். சர்வேயர் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வெட்டினார் என்ற ரிப்போர்ட் காப்பியையும் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன கழிவுப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் கூடுதலாக வெட்டியது தெரிந்துவிடும்.

வருஷா வருஷம் கட்டுவது நம்ம வியர்வைக் காசு. சின்ன கீறலுக்குக் கேட்டு போனஸை இழக்கவும் வேண்டாம், நியாயமாக வர வேண்டியதை "போகட்டும்" என்று விடவும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் அந்தப் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள். யார் பேரில் இருக்கிறது, என்றைக்கு முடிகிறது என்ற இரண்டையாவது பாருங்கள்!