பானு பந்தோபாத்யாய் (1920–1983)

வங்காளத் திரைப்பட நகைச்சுவை, குணச்சித்திர நடிகர். இயற்பெயர் சாம்யமய். டாக்காவை அடுத்த விக்ரம்பூரில் பிறந்தவர். டாக்காவில் படித்த நாட்களில் இயற்பியலாளர் சத்தியேந்திரநாத் போஸுக்கு நெருக்கமாக இருந்தார். 1941இல் கொல்கத்தா வந்து இரும்பு எஃகுத் துறை அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்கா குதிரைவண்டிக்காரர்களின் வாய்த்துடுக்கை நடித்துக் காட்டிய தனிநபர் நகைச்சுவையே அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது. 1947இல் ‘ஜாகரண்’ படத்தில் திரைக்கு வந்தார்.

அந்த ஆண்டுதான் வங்காளம் பிரிந்தது. கிழக்கிலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூரில் போர்க்கால ராணுவம் காலிசெய்துவிட்டுப் போன முகாமில் குடியேறி, விஜய்கர் காலனியை எழுப்பினார்கள். அவர்கள் வாயைத் திறந்தாலே ‘பாங்கால்’ (கிழக்கு வங்காளத்தான்) என்று பழைய கொல்கத்தாக்காரர்கள் கேலி செய்தார்கள். பானு தன் பேச்சைத் திருத்திக்கொள்ளவே இல்லை. அதையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்தினார்.

1953இல் நிர்மல் டே இயக்கிய ‘ஷாரே சுவாத்தர்’ வந்தது. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி ஓர் ஆண்கள் விடுதிதான் களம். உத்தம் குமார் – சுசித்ரா சென் முதன்முதலாக ஜோடி சேர்ந்த படம் இதுதான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் துளசி சக்ரவர்த்தி, மலினா தேவி, ஜகர் ராய், பானு ஆகிய துணை நடிகர்கள்தாம். ‘மாசிமா’ (சித்தி) என்று குழைந்து, அச்சு அசல் கிழக்கு வங்காளப் பேச்சில் பானு மால்புவா என்ற இனிப்பைக் கேட்கும் இடத்தை வங்காளிகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அமெரிக்க கௌபாய் படங்களில் வால்டர் பிரென்னனுக்கு இதே போன்ற இடம் இருந்தது. ‘ரியோ பிராவோ’வில் (1959) சிறையைக் காக்கும் நொண்டிக் கிழவராக வந்து ஜான் வெய்னையே பொரிந்து தள்ளுவார். துணை நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கியவர். ஆனாலும் கடைசிவரை நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவராகவே பெரிதும் அறியப்பட்டார்.

பானு அந்த வரிசையைத் தாண்டினார். ‘பானு பேலோ லாட்டரி’ (1958), ‘பானு கோயெந்தா ஜகர் அசிஸ்டென்ட்’ (1971) என்று அவர் பெயரே படத்தின் பெயரானது. இரண்டிலும் கூட்டாளி ஜகர் ராய். துணை நடிகருக்கு இதைவிடப் பெரிய மரியாதையைத் திரையுலகம் தந்துவிடாது. 1983 மார்ச் 4 அன்று இறந்தார்.

தமிழ் ரசிகர்களுக்கும் அவர் முற்றிலும் அந்நியரல்லர். உயிரோடு எமலோகம் போய் அங்கே கலகம் மூட்டுபவனாக அவர் நடித்த ‘ஜமாலயே ஜீவந்த மானுஷ்’ (1958), 1960இல் தெலுங்கில் ‘தேவாந்தகுடு’வாகவும் தமிழில் ‘நான் கண்ட சொர்க்க’மாகவும் வெளிவந்தது. தெலுங்கில் பானுவின் வேடம் என்.டி. ராமராவுக்குப் போயிற்று. தமிழில் அது கே.ஏ. தங்கவேலு என்ற இன்னொரு நகைச்சுவை நடிகருக்கே கிடைத்தது.