சாலையோரப் பற்றுச்சீட்டு

சில ஆண்டுகளுக்கு முன், மறுநாள் காலை அடக்கத் திருப்பலி ஒன்றை நிறைவேற்றும்பொருட்டு, இரவில் விழுப்புரத்திலிருந்து வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். விக்கிரவாண்டியைத் தாண்டிக் கூட்டேரிப்பட்டை நெருங்குமுன்னரே பங்கின் பழைய வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. தேநீர்க்கடைக்காரர் ஒருவர் மனமிரங்கித் தொலைபேசியில் அழைக்க, திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்தார். அளவைப் பார்த்துக்கொண்டு மீண்டும் பட்டறைக்குப் போய்ப் புதிய பெல்ட்டோடு திரும்பினார். டார்ச் வெளிச்சத்தில் அரைமணி நேர வேலை. முடிந்தபோது மணி பதினொன்றரை. துண்டுத் தாளில் அவர் எழுதித் தந்த கணக்கு இது: பெல்ட் 900 ரூபாய், கூலி 200, ஆக 1100.

பெல்ட்டின் உறை சாலையோரப் புல்லில் கிடந்தது. அதில் அச்சிட்டிருந்த அதிகபட்ச விலை 450 ரூபாய்.

நமக்குச் சினம் மூண்டது. அங்கி அணிந்தவரிடமே இப்படியா என்ற அகந்தையும் அச்சினத்தில் கலந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறோம். உறையை எடுத்துக் காட்டினோம். அவர் பதறவில்லை. “சாமி, பெல்ட்டு நானூத்தம்பது, கூலி அறுநூத்தம்பதுன்னு எழுதியிருந்தா குடுத்திருப்பீங்களா? பெல்ட்டுக் காசைக் குடுத்துட்டு, கூலியைத்தான் குறைக்கச் சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தான்” என்றார்.

மறுமொழி கூற வாய் எழவில்லை. ஆனால் குருமடத்தில் இலத்தீன் நூலைப் புரட்டிப் பயின்ற பாடம் ஒன்று, முப்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தபின், அந்தப் புளியமரத்தடியில் நினைவுக்கு வந்தது. (திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டைக் குறித்த வடசொல்லின் திரிபு என்பர். சாலையோர மரங்கள் பல இன்று சாய்ந்துவிட்டன, பெயர் நிற்கிறது.)

ஒரு பொருளுக்கோ உழைப்புக்கோ நியாயமான விலை எது என்ற வினா மிகப் பழைமையானது. கி.பி. 301-இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் பணிகளுக்கும் உச்ச விலையைக் கல்லில் வெட்டி அறிவித்தார். கட்டளையை மீறியோருக்குக் கொலைத் தண்டனை விதித்தும் அது நிலைக்கவில்லை. ஆணையால் இயலாத காரியத்தை மனச்சான்றின் வழியே அணுகியவர் புனித தோமா அக்குவினாஸ். ‘இறையியல் தொகுப்பு’ நூலின் இரண்டாம் பகுதியில், 77-ஆம் வினாவில், விற்பதிலும் வாங்குவதிலும் நிகழும் வஞ்சகத்தை அவர் ஆராய்கிறார். நியாய விலை என்பது நூல் பிடித்தாற்போன்ற புள்ளி ஆகாது, மதிப்பீட்டைச் சார்ந்தது, ஆதலால் சிறிது கூடினும் குறையினும் நீதி கெட்டுவிடாது என்பது அவர் கருத்து. நம் உள்ளத்தைத் தொட்டது அதே வினாவில் வரும் மற்றொரு பகுதி. விற்பவர் தம் பொருளைக் கொடுப்பதால் இழப்புக்கு உள்ளாவாராயின், அவ்விழப்பையும் விலையில் சேர்க்கலாம். ஆனால் விற்பவருக்கு இழப்பேதுமின்றி வாங்குபவரின் தேவை மட்டுமே பெரிதாக இருக்குமாயின், அத்தேவையைக் காட்டி விலையை ஏற்றலாகாது. ஏன்? தேவை வாங்குபவருடையது, தமக்குச் சொந்தமில்லாததை எவரும் விற்க முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் துறவி, நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோன ஒருவரைக் கண்முன் கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். நம் மெக்கானிக்கின் தூக்கம், பெட்ரோல், இரண்டு முறை வந்துபோன அலைச்சல் ஆகியவை அவருடையவை. அவற்றுக்கு விலை உண்டு. மறுநாள் அடக்கத்துக்கு நேரத்தோடு போய்ச்சேர வேண்டும் என்ற நம் பதைப்பு நம்முடையது; அதற்கு விலை வைத்தல் தகாது. எனவே அவரிடம் ஒன்றே கேட்டோம்: “பகலில் நாங்களே பட்டறைக்கு வந்திருந்தால் கூலி எவ்வளவு?” சற்றும் தயங்காமல் “முந்நூறு” என்றார். ஆக, இரவுக்கும் அலைச்சலுக்கும் 350. அவரது இழப்புக்கு ஈடான தொகையே அது எனத் தீர்மானித்தோம். தொகை நியாயம், எழுத்துத்தான் அநியாயம். உறையில் அச்சிட்ட விலைக்குமேல் விற்பதைச் சட்டமும் ஏற்பதில்லை.

சியென்னா நகர்ப் புனித பெர்னார்தீன், அரிய திறமைக்குக் கூடுதல் ஊதியம் பொருந்தும் என்று பதினைந்தாம் நூற்றாண்டிலேயே போதித்தார். அவர் காலத்தவரான ஃபிளாரென்ஸ் பேராயர் புனித அந்தோனினுஸ், நெசவுத் தொழிலாளருக்குப் பேசிய காசைத் தராமல் பண்டங்களைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்த வணிகரைக் கண்டித்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், வறுமையின் நெருக்குதலால் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அவ்விசைவு நீதியாகிவிடாது என்கிறது. அக்குவினாஸ் வாங்குபவரின் நெருக்கடியைக் காத்தார். சிங்கராயர் உழைப்பவரின் நெருக்கடியைக் காத்தார். பட்டறையில் இவ்விரு நெருக்கடிகளும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்திருக்கின்றன.

ஆயினும் வாகனப் பட்டறைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அரிசி வாங்குபவர் அரிசியைப் பார்த்து மதிப்பிடலாம். மெக்கானிக்கோ நோயைக் கண்டறிபவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே. அமெரிக்காவில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ் 1941-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. நல்ல நிலையில் இருந்த காரின் காயில் கம்பியை மட்டும் வேண்டுமென்றே கழற்றிவிட்டு, நாடெங்கும் 347 பட்டறைகளுக்கு அதை ஓட்டிச் சென்றனர். எவர் கண்ணுக்கும் எளிதில் படக்கூடிய பழுது அது. நூற்றுக்கு 63 பட்டறைகள் தேவையற்ற வேலை செய்தோ, செய்யாத வேலைக்குக் கணக்கெழுதியோ, மிகையாய்ப் பணம் பறித்தோ அனுப்பின. மீதமிருந்த 37 விழுக்காட்டினர் யாரும் கேட்காமலேயே நேர்மையாய் நடந்துகொண்டனர் என்பதையும் கருத வேண்டும்; அப்பக்கத்தை எவரும் அதிகம் பேசுவதில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் 1971-இல் இதற்கெனவே சட்டம் இயற்றியது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். செலவு அதை மிஞ்சுமானால் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும். கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், தம் உழைப்பும் திறமையும் செலவிட்ட பொருளைக் கூலி கிடைக்கும்வரை தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. பணம் தராமல் சாவியைக் கேட்பவர்கள் இதை அறிவது நன்று. மறுபுறத்தில், 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள சேவைக்கு எதிராக முறையிட வழி திறந்தது. அதற்கு மாற்றாக வந்து 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், செய்த பணிக்குப் பற்றுச்சீட்டு தராததையே முறையற்ற வணிகமாகக் கொள்கிறது.

திண்டிவனத்தைப் போன்ற ஊர்களில் இந்தப் பாதுகாப்புகள் கூடுதலாகத் தேவை. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையும், புதுவை, திருவண்ணாமலைச் சாலைகளும் கூடுமிடம் அது. நின்றுபோகும் வண்டிகளுள் பல, மீண்டும் அங்கு நில்லாதவை. உள்ளூர்க்காரரை ஏமாற்றினால் மறுநாள் சந்தையில் முகம் பார்க்க வேண்டும். வழிப்போக்கரை மீண்டும் பார்க்க வேண்டியதில்லை. வழிப்போக்கரும் அவ்வாறே, மெக்கானிக்கை மீண்டும் பார்க்கப்போவதில்லை என்பதால் ஈவிரக்கமின்றிப் பேரம் பேசுகிறார். இத்தகைய இடத்தில் நேர்மையாய் எழுதிய ஒரு சீட்டு பெரிய காரியம். பாகத்தின் விலை தனியே, கூலி தனியே, எடுத்துக்கொண்ட நேரம் தனியே இருந்தால், வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் அடுத்த ஊரில் விசாரித்துத் தெளியலாம்.

ஆனால் அத்தகைய சீட்டை எழுதவிடாமல் தடுப்பவர்கள் நாமே என்று அந்த மனிதர் சொன்னாரே, அதுதான் நம்மை உறுத்தியது. நிறுவனம் அச்சிட்ட எண்ணை நாம் மறுபேச்சின்றி ஏற்கிறோம். எண்ணெய் படிந்த கை கேட்கும் எண்ணை மட்டும் பாதியாக்கப் பார்க்கிறோம். அக்கை பிறகு தன் கூலியைப் பெல்ட்டுக்குள் ஒளித்துவைக்கிறது. ஒளிக்கப் பழகியபின் வேறெதை ஒளிக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

வேறு தாள் கொடுத்து, உள்ளபடியே எழுதச் சொன்னோம். ‘பெல்ட் 450’ என்று விரைந்து எழுதினார். ‘கூலி’ என்று எழுதிய பின் பேனா சிறிது நின்றது. நம் முகத்தைப் பார்த்தார். பிறகு 650 என்று எழுதினார். 1100 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, கேட்காமலேயே அறுந்த பெல்ட்டை வண்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்.

மாத இறுதியில் பங்கின் நிதிக்குழு கூடியது. செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்த பெரியவர் ஒருவர், நல்லவர், திருச்சபைக் காசை வீணாக்கச் சம்மதியாதவர், அந்தத் தாளையும் எடுத்தார். அவர் விரல் 450-ஐக் கடந்து கீழே இறங்கிற்று. “சாமி, கூலி கொஞ்சம் அதிகமாயிருக்கே?” என்றார்.