மட்டாஞ்சேரியின் மின்சாரம்

கொச்சியின் மேற்குப் பகுதியில், காயலை ஒட்டிக் கிடங்குகளும் ஓட்டு வீடுகளும் நெருங்கி நிற்கும் வணிகப் பேட்டை மட்டாஞ்சேரி. இங்கே மின்விளக்கும் வயரிங்கும் மோட்டாரும் பரவிய விதத்தை விளக்குகிறது இக்கட்டுரை. மின்சாரத்துக்கென்று கட்டப்பட்ட ஊரல்ல இது. பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568-ஐச் சேர்ந்தது. அதன் மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது. தேக்கு உத்தரமும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட கட்டடங்களுக்குள் கம்பி பின்னாளில் நுழைந்தது. அங்கே அது ஓயாமல் எதிர்கொண்டது உப்புக் காற்றையும் ஈரத்தையும்தான். இவ்வூரின் மின்சார வரலாற்றில் பாதி, உப்போடு நடந்த வழக்கு.

மின்சாரத்துக்கு முன் வீடுகளில் எரிந்தது தேங்காயெண்ணெய், பிறகு மண்ணெண்ணெய். கொப்பரையும் கயிறும் எண்ணெய்ப் பீப்பாய்களும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே திரி விளக்கு எவ்வளவு ஆபத்தானது என்று வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1889 ஜனவரியில் பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் பரவிய பெருந்தீ கிடங்குகளையும் வீடுகளையும் விழுங்கியிருந்தது.

கொச்சியில் மின் வழங்கல் தனியார் தொழிலாகவே தொடங்கியது. ஈராக்கிய வழிவந்த யூதரான சாமுவேல் கோடரின் பெயரோடு சேர்த்தே ‘கொச்சி எலக்ட்ரிக் கம்பெனி’ நினைக்கப்படுகிறது. ஃபோர்ட் கொச்சியில் கோடர் குடும்பத்தின் வீடு, ‘கோடர் ஹவுஸ்’ என்ற பெயரில் இப்போது தங்கும் விடுதி. இதில் ஒரு முரண் உண்டு. யூத மரபில் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது. மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் அன்று மின்விளக்கின் சுவிட்சையும் தொடுவதில்லை. ஊருக்கு வெளிச்சம் விற்ற குடும்பத்தின் சமூகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் சுவிட்ச் விலக்கப்பட்ட பொருள்! தொழுகைக்கூடத்தின் பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைக்கத் தோன்றும்.

மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியிலும், அடுத்த தெருக்களில் தொடங்கிய ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் இருந்ததால், சில நூறு அடி நடந்தால் சட்டம் மாறும் நிலை. காயலின் அக்கரையில், எர்ணாகுளத்தில், ‘கொச்சின் ஸ்டேட் பவர் அண்ட் லைட் கார்ப்பரேஷன்’ என்ற வேறொரு தனியார் நிறுவனம் 1935 முதல் உரிமம் பெற்று மின்சாரம் விற்றது. கேரள மாநில மின்வாரியம் 1957 மார்ச் 31-இல் அமைந்த பின் இத்தகைய நிறுவனங்கள் அரசின் கைக்குப் போயின. எர்ணாகுள நிறுவனத்தின் 25 ஆண்டு உரிமம் 1960 டிசம்பரில் முடியவிருந்தது. அதை விலைக்கு வாங்குவதென்றால் 18 மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்ற திருத்தம் 1959 செப்டம்பரில்தான் வந்தது. நாட்களைக் கூட்டிப் பார்த்தால் முடியாத காரியம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. செய்யவே இயலாததைச் செய்யும்படி சட்டம் கேட்காது என்று 1965-இல் அரசின் பக்கம் தீர்ப்பானது. இந்தியச் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். மின்பொறியாளர்களில் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

பழைய கட்டடங்களில் முதலில் போடப்பட்டது கேசிங் கேப்பிங் வயரிங். தேக்குச் சட்டத்தில் இரண்டு பள்ளம் குடைந்து, பருத்தி நூல் பின்னிய ரப்பர் உறைக் கம்பிகளை அதில் கிடத்தி, மேலே மரப்பட்டியால் மூடித் திருகாணி போடுவார்கள். அடுத்து வந்தது பேட்டன் வயரிங்: மெல்லிய தேக்குப் பட்டியின்மேல் தகர கிளிப்புகளால் பிடித்த கம்பி. பிவிசி உறை பரவியதும் ரப்பர் விடைபெற்றது. வயதான ரப்பர் உறை விறைத்துப்போகும். வளைத்தால் பொடியாக உதிர்ந்து உள்ளே செம்பு பல்லைக் காட்டும். பழைய கிடங்கொன்றைக் கஃபேயாக மாற்றும்போது, சுவரில் அழகுக்காக விட்டுவைத்த தேக்குப் பட்டிக்குள் இந்தக் கம்பி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே முதல் வேலை. செம்பு தட்டுப்பாடான காலத்தில் இந்திய வீடுகளில் அலுமினியக் கம்பி நுழைந்தது. அதைப் பித்தளை முனையில் முடுக்கினால் உப்பு ஈரத்தில் இணைப்பு அரித்து, தளர்ந்து, சூடேறும். சுவிட்ச் போர்டில் கருகல் வாடை வந்தால், ஒயரின் பருமனைப் பார்க்குமுன் திருகாணியைப் பார்ப்பது நல்லது.

எர்த்திங்தான் இவ்வூரின் விசித்திரம். உள்நாட்டு ஊர்களில் சுமார் 2.5 மீட்டர் ஜிஐ பைப்பைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே சில அடி தோண்டினாலே நீர் ஊறும், அதுவும் கரிக்கும். ஆகவே மண்ணின் மின்தடை தானாகவே குறைவு. ஆனால் எர்த்துக்கு உதவும் அதே உப்பு பைப்பை அரித்துத் தின்னும். மேலே கம்பி பளபளப்பாக இருக்கும், கீழே பைப் இருக்காது.

நல்ல எர்த் இருந்தாலும் அது மட்டும் உயிரைக் காக்காது. எர்த்தின் தடை 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஒழுகும் மின்னோட்டம் 46 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி இதற்கு உடனே விழாது. பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் யாரோ தடித்த கம்பி சுற்றியிருந்தால் அதுவும் எரியாது. கசிவை உணர்ந்து 30 மில்லிஆம்பியரிலேயே விழும் ஈஎல்சிபி அவசியமாவது இதனால்தான். மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று அதைச் சுற்றிக் கம்பி போட்டு நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் உண்டு. கொலைக்கு ஒப்பான பழக்கம் இது. ஈரச் சுவரில் ஒவ்வொரு சுற்றிலிருந்தும் சில மில்லிஆம்பியர் கசிந்து கூட்டுத்தொகை எல்லையைத் தொடுவதே பெரும்பாலும் காரணம். காப்புத்தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சுற்றுச் சுற்றாகச் சோதித்து, 1 மெகோமுக்குக் கீழே இறங்கியதைப் பிரித்து எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்றே என்றில்லாமல் மாடிக்கொரு ஈஎல்சிபி வைத்தாலும் தொல்லை தணியும்.

விளக்குக்குப் பின்னே வந்தது மோட்டார். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்ததிலிருந்து கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராயிற்று. கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் 1953-இல் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியதும் ஐஸ் ஆலைகளும் குளிர்கிடங்குகளும் பெருகின. கம்ப்ரஸர் ஓட மும்முனை மின்சாரம் தேவைப்பட்டது. மாலையில் வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் உறுமி நிற்பதற்குக் காரணம் எளிது: இன்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180-ஆக இறங்கினால் மிஞ்சுவது ஏறக்குறைய 61 சதவீத விசை. கிளம்ப முடியாத மோட்டார் இழுக்கும் மின்னோட்டமோ வழக்கத்தைவிடப் பல மடங்கு. சுருளை எரிப்பது அதுதான். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடுகிறார்கள். தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகும், விசையும் அவ்வளவே குறையும். ஆகவே சுமையோடு கிளம்பும் மோட்டாருக்கு அது ஒத்துவராது.

மின்சாரம் எல்லாவற்றையும் வென்றுவிடவில்லை. ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் 1976-இல் கட்டப்பட்ட தோபிகானாவில் துணி வெளுப்போர், டச்சுக்காரர்கள் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். மின் இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கரி போட்ட கனத்த பெட்டியும் அங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. சீன வலைகள் பக்கம் கதை வேறு: மீனை ஈர்க்க இரவில் வலைமேல் தொங்கிய லாந்தரின் இடத்தை மின்பல்பு பிடித்துக்கொண்டது.

எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் சேர்ந்த மாநிலமாகக் கேரளம் 2017 மே மாதம் அறிவிக்கப்பட்டது. குண்டு பல்புகளை ஒழிக்க மின்வாரியம் எல்ஈடி வழங்கும் திட்டத்தையும் நடத்தியது. அதே 2017-இன் ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது. கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் ஏறலாம். 2023 ஏப்ரலில் வந்த கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் கொச்சி கப்பல்கட்டும் தளத்தில் உருவானவை. லித்தியம் டைட்டனேட் மின்கலங்களைப் படகுத்துறையிலேயே விரைவாக மின்னேற்றிக்கொள்ளும் வகை. மட்டாஞ்சேரிக்கான முனையம் 2025-இல்தான் திறந்தது.