கூக்குரலும் ஓலையும்: பரமார்த்த குரு கதையில் ஒலி

பரமார்த்த குருவின் கதையைப் பள்ளிப்பருவத்து வேடிக்கையாகவே நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் எழும் கூச்சல்களை மட்டும் பிரித்தெடுத்து வாசித்தால் வேறொரு செய்தி புலப்படுகிறது.

வீரமாமுனிவர் (1680–1747) தமிழகத்தில் வாழ்ந்த காலத்தில் அதிகாரம் குதிரையேறியே வந்தது. 1740இல் தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியை மராத்தியப் படை வீழ்த்தியது. மறு ஆண்டு திருச்சிராப்பள்ளியும் அவர்கள் வசமானது. கோலார்ப் பகுதியின் பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் அலி, 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர்பெற்றதும் குதிரைவீரராகத்தான். இத்தகைய நூற்றாண்டில்தான் பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கி ஏமாந்த ஒரு குரு, கடைசியில் கிழட்டுக் குதிரையொன்றின்மேல் பவனி வருகிறார். செர்வான்டிஸின் டான் கிஹோத்தேயும் ரொசினாந்தேயும் நினைவுக்கு வருவது இயல்பு. தாக்கம் என்று துணிய நான் முற்படவில்லை.

முதற்கதையில் குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவர்தான் தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி வைக்கின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைக்கிறான். அடிபட்டவர் ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கக் கணக்கு ஆறாகிறது. அதாவது, குரல் எழுப்பியவர் இருக்கிறார்.

குதிரைப் பயணத்தில் இது தலைகீழாகிறது. குருவின் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்றதும் குதிரைச் சாணத்தையும் ஏந்தி வருகின்றனர். வேறு வழியின்றி, எடுக்கவேண்டியவற்றை ஓலையில் பட்டியலிட்டுத் தருகிறார். பின்னர்க் குருவே குழியில் விழுந்து அலறுகிறார். சீடர்கள் ஓலையை நிதானமாக வாசித்துத் தலைப்பாகை, வேட்டி என வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றனர். குருவின் பெயர் பட்டியலில் இல்லை. அவர் கெஞ்சுகிறார், திட்டுகிறார், ஒன்றும் ஏறவில்லை.

இதை எழுதியவர் யார் என்பதுதான் என்னை நிறுத்துகிறது. எகர ஒகர எழுத்துகளின் வடிவைத் திருத்தியவர். 1732இல் சதுரகராதி தொகுத்தவர். பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் வகுத்தவர். (அந்த இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அவரது எதிர்முகாமான தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம் என்பது தனி வேடிக்கை.) எழுத்தையும் பேச்சையும் ஒருசேர அறிந்த அவர் கையில், அலறல் செல்லாக்காசாகி ஓலை ஆணையாவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை 1822இல் இலண்டனில் மொழிபெயர்ப்புடன் அச்சேற்றினார்; கும்பினி அதிகாரிகள் தமிழ் பயில இதையும் வாசித்தார்கள்.

குரு கடைசியில் கத்துவதை விட்டு, ஓலையும் எழுத்தாணியும் கேட்டு வாங்கிக் குழிக்குள் இருந்தபடியே தம்மையும் பட்டியலில் சேர்க்கிறார். அதை வாசித்த பிறகே சீடர்கள் அவரைத் தூக்கிவிடுகின்றனர்.