எஞ்சின் மாறிய கார்கள்

சிட்னியின் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் ஆலயத்துக்குச் செல்லும் எம்மவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வழியே போகும் பழைய கார்களைக் கண்டிருப்பார்கள். 1985இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலுக்கு அப்பால், ஸ்ரான்வெல் டொப்ஸ் மேட்டிலிருந்து கடலோரமாக வொலொங்கொங் நோக்கி இறங்கும் பாதை அந்தக் கார்க்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அவற்றில் சில 'மசில் கார்' எனப்படுபவை. நடுத்தர உடம்பில் பெரிய வி 8 எஞ்சினைப் பொருத்தி, 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் வெளிவந்தவை. 1968இல் அறிமுகமான ஹோல்டன் மொனாரோவை இந்நாட்டவர் ஒரு குடும்பச் சொத்தைப் போலப் பேணுகிறார்கள். 2017 ஒக்ரோபரில் ஹோல்டன் இங்கே கார் செய்வதை நிறுத்திய பின்னர் அந்தப் பற்று குறையவில்லை.

இவர்களில் ஒரு சாரார் துருவை வெட்டி, தகரத்தை ஒட்டி, பழைய வர்ணத்தையே திரும்பப் பூசுகிறார்கள். ஆனால் உள்ளே 1999இலிருந்து கொமடோர் கார்களில் வந்த 5.7 லீற்றர் அலுமினிய வி 8 எஞ்சினை வைக்கிறார்கள். எஞ்சினை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. அதைத் தாங்கும் பிடிகள், கியர்பொக்ஸ், ரேடியேற்றர், பிரேக், கணினிக்கான வயர்கள் என ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். இத்தகைய பெரிய மாற்றத்துக்கு நியூ சவுத் வேல்சில் தகுதிபெற்ற பொறியியலாளரின் சான்றும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, அது இன்னும் மொனாரோதானா என்ற வாதம் அவர்களுக்குள் ஓய்வதேயில்லை.

இந்த வேலை எமக்குப் புதிதல்ல. எமது ஊர்களில் இதைச் செய்தவர்களுக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஒஸ்ரின் ஏ 40, சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற பெயர்களைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஒரு வாடகைக் காரோ கலியாணக் காரோ நினைவில் வரும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த கார்களையே ஓட்டவேண்டியிருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறையில் செய்வித்தார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போட்டார்கள். பின்னர் ஜப்பானிய எஞ்சின்கள் வரத்தொடங்கியதும், ஆங்கிலேயக் காரின் உடம்பில் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏறியது. இந்தியாவில் தொழிற்சாலையே இதைச் செய்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடருக்கு 1990களின் தொடக்கத்தில் இசுசு நிறுவனத்தின் 1.8 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 2014வரை அந்தக் கார் உற்பத்தியானது. அவுஸ்திரேலியாவிலும் மொறிஸ் மைனருக்கு டற்சன் 1200 எஞ்சின் வைப்பது பலர் அறிந்த கைவேலைதான்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் நின்றது. எஞ்சினை மாற்றிப் பயனில்லை, எரிபொருளையே மாற்றவேண்டும் என்ற நிலை. கட்டுப்பாட்டோடு கிடைத்த மண்ணெண்ணெயில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய ஆங்கிலேய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் இருந்ததால், அவை தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொண்டன. அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்கள் தட்டத் தொடங்கின. வீதியில் எல்லோரும் ஏளனம் செய்த கிழட்டு ஏ 40 புதிய காரைவிட நன்றாக ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இதுவும் திடீரென வந்த அறிவல்ல. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேர்குசன் ரக்ரரை 1949இலேயே பிரித்தானியாவில் செய்தார்கள். எமது தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த மெசின்களும் அவ்வாறே இயங்கின. விவசாயியின் கைப்பழக்கம் கராஜுக்கு வந்தது என்று சொல்வதே பொருத்தம்.

ஆனால் இதைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்லிப் பெருமைப்படுவதில் எமக்கு உடன்பாடில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைத்தது, பெயரிங்குகள் தேய்ந்தன, தெருவெல்லாம் புகை. நடுவழியில் எஞ்சின் ஆறிவிட்டால், போத்தலில் பெற்றோல் துளி இல்லாதவனுக்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னிருக்கையில் பிரசவ வேதனைப்படும் பெண் இருந்தால் அந்தத் தாமதத்தின் பொருள் வேறு. ஒரு சனத்தொகையைத் தண்டிப்பதற்காக விதிக்கப்பட்ட தடையை எமது கெட்டித்தனத்தின் கதையாக மாற்றிவிட்டால், தடை விதித்தவர்களின் கணக்கு எளிதில் மறைந்துபோகும். கெட்டித்தனமும் உண்மை, கொடுமையும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும்.

எழுதியிருக்கிறோமா? இந்நாட்டில் ஒரு மொனாரோவைத் திருத்துபவர் ஒவ்வொரு ஆணிக்கும் படம் எடுத்து வைக்கிறார். எந்த எஞ்சின், எந்த ஆண்டு, யார் பொருத்தியது என்று கோவை பேணுகிறார். எமது யுத்த வரலாற்றில் தளபதிகளின் பெயர்கள் இருக்கின்றன, உடன்படிக்கைகளின் திகதிகள் இருக்கின்றன. கறுத்த கைகளோடு அந்தக் கார்களை ஓடவைத்த மெக்கானிக்குகளின் பெயர்கள் மிக அரிதாகவே பதிவாகியுள்ளன. அவர்களில் சிலர் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் முதியவர்களாக இருக்கக்கூடும்.

அவர்களைக் கேட்கவேண்டிய கேள்விகள் பெரிய கேள்விகள் அல்ல. டீசல் எஞ்சினைப் பழைய கியர்பொக்ஸோடு இணைத்த தகட்டை எதில் வெட்டினீர்கள்? கரண்ட் இல்லாமல் எப்படி ஒட்டினீர்கள்? யாரிடம் வேலை பழகினீர்கள்? ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அவர்கள் பேசக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதிவிடுவோம்.