அளத்துக்காரர் நாக்கும் பரிசோதகர் மேசையும்

"ஐயா, இது எங்கியாவது எழுதியிருக்கா?"

இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கேட்டவன் ஒரு பொறியியல் கல்லூரி மாணவன். பதில் சொல்ல வேண்டியவர் மரக்காணம் அளத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாரியவர். எனக்குப் பெரியப்பா முறை. நான் நடுவில் நின்றிருந்தேன்.

மாணவன் கையில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய். கடல்தண்ணீர் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாகக் காய்ந்து 25ஐ எட்டும்போது உப்பு பூக்கும். 29ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து விளைந்து, எடுத்ததெல்லாம் கசந்துபோகும். பெரியப்பா சொன்னார்: "நாக்குல ஒரு சொட்டு வச்சாப் போதும் தம்பி. கரிப்பு மாறிக் கசப்பு ஏறிச்சின்னா தண்ணிய வடிச்சி வுட்ருவோம்." அதற்குத்தான் அந்தக் கேள்வி. "யாரு எழுதுவா? இன்னாத்துக்கு எழுதணும்?" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டார்.

மாணவன் கெட்டவனில்லை. வருஷத்துக்கு இத்தனை காப்புரிமை விண்ணப்பம் என்று அவன் கல்லூரியில் கணக்கு வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரின் பதம் பார்த்து வடிக்கும் 'முறை' ஒன்றுக்கு அவன் துறை விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தது.

இதே கேள்வி முன்பு அமெரிக்காவில் மஞ்சள் விஷயத்தில் கேட்கப்பட்டது. புண்ணை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்துவதற்கு 1995 மார்ச்சில் காப்புரிமை வழங்கப்பட்டது. வாங்கியது மருந்துக் கம்பெனி அல்ல. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். பல்கலைக்கழகம் எப்படிக் கடைக்காரனானது? 1980இன் பே-டோல் சட்டம் அதற்கு வழிவிட்டது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலனைப் பல்கலைக்கழகமே காப்புரிமையாக வைத்துக்கொண்டு குத்தகைக்கு விடலாம் என்றது அது. அதற்குமுன் கட்டுரையாக வெளியே போனது, பிறகு விண்ணப்பமாகப் போகத் தொடங்கியது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்கப் பரிசோதகர் மேசையில் இருந்த விதி. ஒரு விஷயம் அமெரிக்காவுக்குள் வெறுமனே வழக்கில் இருந்தாலே போதும், அது பழையது. வெளிநாட்டில் இருந்தால்? அச்சிலோ காப்புரிமையிலோ வந்திருக்க வேண்டும். இங்கே கோடிப் பேர் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது அந்த விதிக்கு நடக்காத ஒன்று! 1996இல் சி.எஸ்.ஐ.ஆர். மறுபரிசோதனை கேட்டது, முப்பத்திரண்டு எழுத்துச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. அதில் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் உண்டு. 1997இல் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. நாமெல்லாம் கொண்டாடினோம். வென்றது பாட்டி அல்ல, பாட்டியைப் பற்றி எழுதப்பட்ட காகிதம் என்பதை அப்போது யோசிக்கவில்லை. (அறிவு, அதிகாரம் என்று ஃபூக்கோவை வரிக்கு வரி இழுத்துக்கொண்டிருந்த காலம் அது, கண்முன் நடந்தது தெரியவில்லை.) அமெரிக்காவில் அந்த விதி மாறியது 2011 சட்டத்தில்தான்.

2001இல் இங்கே தொடங்கிய மரபறிவு மின்னூலகமும் சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலிருந்தே தொகுக்கப்பட்டது. நூல் இல்லாத அளத்துக்கு அதில் இடமேது?

நம் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2002 திருத்தம், உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக உள்ள அறிவையே எதிர்ப்புக்குக் காரணமாக ஏற்றது. விண்ணப்பங்கள் பதினெட்டு மாதத்தில் வெளியாக வேண்டும் என்றும் ஆக்கியது. 1970 சட்டப்படி ஏற்கப்படும்வரை அவை ரகசியம். 2005 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: காப்புரிமை தருவதற்கு முன்பே, சம்பந்தப்பட்டவர் என்றில்லை, யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். சட்டப் பிரதியில் பெரியப்பாவின் நாக்குக்கு இடம் கிடைத்துவிட்டது. அலுவலக மேசையில்?

இதற்கிடையே பல்கலைக்கழகங்களின் ஓட்டம் இங்கேயும் தொடங்கியது. பே-டோல் சாயலில் 2008இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா 2014இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் செய்யாததை மதிப்பெண் செய்துவிட்டது. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கும் மதிப்பெண் உண்டு, அதுவும் வழங்கப்பட்டதற்கு மட்டுமல்ல, வெளியான விண்ணப்பத்துக்கும். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 சதவீதம் குறைந்தது. மதிப்பெண்ணும் சலுகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல நிபுணர் வேண்டாம். 2023-24இல் இந்தியா வழங்கிய காப்புரிமைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இவ்வளவு வேகத்தில் போகும் பரிசோதகர் கணினியில் தேடுவார். மரக்காணத்துக்கு பஸ் ஏறி வரமாட்டார். அது அவர் குற்றமும் இல்லை. வெளியாளின் ஆட்சேபம்தான் அந்த இடைவெளியை அடைக்கக்கூடியது.

அங்கேதான் 2024 மார்ச் விதிகள் கை வைத்தன. பரிசோதனை கோரும் கெடு 48 மாதத்திலிருந்து 31 ஆனது. அது போகட்டும். அதுவரை காசில்லாமல் போடமுடிந்த ஆட்சேபத்துக்குக் கட்டணம் வந்தது. அது விசாரணைக்குத் தகுதியானதா என்பதை முதலில் அதிகாரி முடிவு செய்வார் என்றும் ஆனது. வேண்டுமென்றே இழுத்தடிக்க ஆட்சேபம் போடுகிறார்கள் என்பது தரப்பட்ட காரணம். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்குக் கட்டணம் ஒரு தடையா என்ன? அளத்துக்காரருக்கு அது பெரிய தொகை.

வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் காப்புரிமை இதழை இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த விண்ணப்பம் வந்தால் ஆட்சேபிப்பதாக இருக்கிறேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார்.

"கையெழுத்த வச்சி இன்னா தெரிஞ்சிப்பானுவோ? ஒரு கிளாசுல தண்ணி மொண்டு எட்த்துனு போவலாம் வா. நானே வந்து நாக்குல வச்சிக் காட்டறேன்" என்றார்.