பலகை மீது நான்கு போர்கள்

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்று பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே அந்த நான்கு உறுப்புகள். படையின் பெயரே விளையாட்டின் பெயராக நிலைத்துவிட்டது. ஆயினும் இன்று சதுரங்கம் ஆடும் எவரும் தாம் ஒரு போரை நடத்துவதாக எண்ணுவதில்லை. அதில் ஆறில்லை, மலையில்லை, பசியில்லை. இரு தரப்பும் சம பலம் கொண்டவை; எதிரியின் ஒவ்வொரு காயும் கண்முன்னே நிற்கிறது. இத்தகைய போர் எதுவும் உலகில் நடந்ததில்லை.

விடுபட்டவற்றை மீண்டும் பலகைக்குள் கொண்டுவரும் முயற்சியே வரலாற்றுப் போர் விளையாட்டு. நிகழ்ந்த ஒரு போரின் நிலவரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு அட்டைச் சில்லுகள், ஒரு பகடை, பருமனான விதிப்புத்தகம் ஆகியவையே இதன் கருவிகள். வரும் ஆண்டில் இத்தகைய விளையாட்டுகளுள் நான்கையேனும் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பது நம் விருப்பம். எந்த நான்கு, ஏன் அந்த நான்கு என்று சொல்வதன் வழியே இக்கலையின் வரலாற்றையும் சற்றுத் தொட்டுச் செல்லலாம்.

இதன் பிறப்பிடம் பிரஷ்யா. 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, நிலப்பரப்பின் துண்டுகளை இடம் மாற்றி அடுக்கக்கூடிய ஒரு விளையாட்டு மேசையை அரசருக்குச் செய்து கொடுத்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன், 1824இல் அதை முழுமையான முறையாக வகுத்து நூலாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். சிவப்பும் நீலமுமான காய்கள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர். ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். எதிரியின் படையில் எது கண்ணுக்குத் தெரியக்கூடுமோ அதை மட்டுமே நடுவர் படத்தில் வைப்பார். சேதத்தைப் பகடை தீர்மானிக்கும். தலைமைத் தளபதி முஃப்லிங் இதைக் கண்டு வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரை செய்தார். ஆனால் அதை உருவாக்கிய இளைஞரோ 1827இல் தற்கொலை செய்துகொண்டார். போரைக் காகிதத்தில் அடக்கிய கலையின் தொடக்கத்திலேயே ஒரு மரணம் நிற்கிறது.

நம் பட்டியலில் முதலாவது 'கெட்டிஸ்பர்க்'. அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ், படைத்துறைக்குள் இருந்த இவ்விளையாட்டை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் நிறுவிய அவலான் ஹில் 1958இல் இதை வெளியிட்டது. முதற்பதிப்பில் சதுரக் கட்டங்களே இருந்தன. 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை அறுகோணங்களாயின. சதுரத்தில் மூலைவாட்டாக நகர்பவன் ஒரே நகர்வில் கூடுதல் தூரம் கடந்துவிடுவான். அறுகோணத்தில் ஆறு திசைகளும் சம தூரம். தேனடையைப் போன்ற அந்தக் கட்டங்களே பிற்பாடு இக்கலையின் அடையாளமாயின.

1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் நடந்த அப்போரின் முதல் நாள் மாலையில், தென்தரப்புத் தளபதி யூவெல் கல்லறைக் குன்றைத் தாக்காமல் நின்றுவிட்டார். தாக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. நூல் அந்தக் கேள்வியை எழுப்பி நின்றுவிடும். பலகையில் நாம் குன்றைத் தாக்கியே பார்க்கலாம். அந்த மூன்று நாட்களில் மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்ந்து சுமார் 50,000 பேர் என்பதை மட்டும் பலகை சொல்வதில்லை.

இரண்டாவது, அதே நிறுவனம் 1964இல் வெளியிட்ட 'மிட்வே'. 1998இல் அவலான் ஹில் கைமாறிவிட்டதால் இத்தகைய பெட்டிகளைப் பழைய பிரதிகளாகவே தேட வேண்டியிருக்கிறது. எதிரியின் கப்பல்கள் எங்கே என்று தெரியாமல் கடலைத் துழாவுவதே இதில் ஆட்டம். இதை நாம் ஆட விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு: மிட்வே போர் நிகழ்வதற்கு முன்பே அது ஒருமுறை பலகையில் ஆடப்பட்டது.

1942 மே மாதத்தில் யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படையினர் தம் திட்டத்தை விளையாடிப் பார்த்தனர். அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சுக்கு நடுவர் பகடை உருட்ட, ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கியதாகவும், அகாகி, ககா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாகவும் விடை வந்தது. ஆட்டத்தை நடத்திய அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. மூழ்கியதாக ஒப்புக்கொள்ளப்பட்ட ககாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் கடலில் மிதந்தது. இதை எழுதி வைத்தவர் அந்தப் போரில் பங்கேற்ற ஃபுச்சிடா என்ற விமானப்படை அதிகாரி. அடுத்த மாதம், ஜூன் 4ஆம் நாள், அமெரிக்க விமானங்கள் தாக்கியதில் அகாகி, ககா உட்பட நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் அழிந்தன. ககாவில் மட்டும் எண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களை மிதக்க விட எந்த நடுவராலும் இயலவில்லை.

இதே ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்ததை இதற்கு அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் அணிகளை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. காசநோயால் பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி, ஓர் அறையின் தரையையே கடலாக்கி, இளம் பெண்கள் சிலருடன் போர் விளையாட்டுகளை நடத்தினார். நீர்மூழ்கிகள் அணிக்கு வெளியே இருந்து தாக்குகின்றன என்பதே அதுவரை கடற்படையின் நம்பிக்கை. அவை இரவில் பின்புறமாக நுழைந்து அணியின் உள்ளேயே நின்று தாக்குகின்றன என்று தரையில் நகர்த்திய காய்கள் காட்டின. கடற்படை அதை ஏற்றுத் தன் தந்திரத்தை மாற்றிக்கொண்டது. முன்னாள் நீர்மூழ்கித் தளபதியான அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டனே அத்தரையில் நீர்மூழ்கியின் பக்கம் நின்று ஆடி, ஜானட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் பலமுறை தோற்றார். சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றனர்.

இரண்டு இடங்களிலும் கருவி ஒன்றே. விரும்பாத விடை வந்தபோது அதை ஏற்றார்களா, திருத்தினார்களா என்பதில்தான் வேறுபாடு. போர் விளையாட்டின் பயன் முழுவதும் இந்த ஓர் இடத்தில் தங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, 1979இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த 'வட ஆப்பிரிக்கப் போர்த்தொடர்'. ஆட்டம் முடியப் பத்துப் பேர் சுமார் 1,500 மணி நேரம் உட்கார வேண்டும் என்பார்கள். வாரம் மூன்று மணி நேரம் ஆடினால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! எனவே அதன் சிறு பகுதி ஒன்றை மட்டுமே ஆட எண்ணியிருக்கிறோம். பாலைவனத்தில் எரிபொருள் ஆவியாவதற்குக்கூட இதில் கணக்குண்டு. ஆங்கிலேயரின் கலன்கள் தரம் குறைந்தவை என்பதால் அவர்களுக்கு இழப்பு அதிகம். இத்தாலிய வீரர்கள் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் தர வேண்டும் என்ற விதியைச் சொல்லிச் சிரிக்காதவர் இவ்வட்டாரத்தில் இல்லை.

ஆனால் இவ்வளவு நுட்பமான கணக்கிலும் விடுபடுவது ஒன்று உண்டு. அப்பாலைவனத்தில் போரிட்டவற்றுள் 4ஆம் இந்தியப் பிரிவும் ஒன்று. 1940 டிசம்பரில் இத்தாலியருக்கு எதிரான தாக்குதலில் முன்னே சென்ற பிரிவு அது. தென்னிந்தியாவில் திரட்டப்பட்ட மதராஸ் சாப்பர்களும் அதில் பணியாற்றினர். தண்ணீரின் அளவு விதிப்புத்தகத்தில் இருக்கிறது. தன்னை ஆளும் நாட்டுக்காக, கேள்விப்பட்டிராத மணல்வெளியில் கண்ணிவெடி அகற்றியவன் என்ன நினைத்தான் என்பதற்கு அதில் அட்டவணை இல்லை. பலகையில் அவன் ஒரு சில்லின் மீதுள்ள எண்ணில் கரைந்துவிடுகிறான்.

நான்காவது, 2019இல் புரூஸ் மான்ஸ்ஃபீல்ட் வடிவமைப்பில் வந்த 'காந்தி'. அமெரிக்க உளவுத்துறையில் ஆய்வாளராக இருந்த வோல்கோ ருங்கே 2012இல் தொடங்கிய கிளர்ச்சி விளையாட்டுகளின் வரிசையில் வந்தது இது. 1917 முதல் 1947 வரையிலான இந்தியாவே களம். ஆங்கிலேய அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர் என நான்கு தரப்புகள். படை திரட்டுவோருக்கும் ஆயுதமின்றிக் கூட்டம் திரட்டுவோருக்கும் ஒரே பலகையில் இடமளித்திருப்பது இதன் புதுமை. நம்மில் ஒருவர் ஆங்கிலேய அரசின் இருக்கையில் அமர்ந்துதான் ஆக வேண்டும். ஆட்டம் விதிப்படி நடக்க வேண்டுமென்றால் அவர் வெற்றிக்காக முழு மனத்தோடு முயலவும் வேண்டும். நமக்குப் பிடிக்காத ஒருவரின் கண்வழியே நம் சொந்த வரலாற்றைக் காணும் பயிற்சி இது. எளிதாக இராது என்றே எதிர்பார்க்கிறோம்.

இத்தனை உயிர்கள் போன நிகழ்ச்சிகளை மேசையில் விரித்து மகிழ்வது தகுமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பரணி பாடிய மொழியினராகிய நமக்குப் போரைச் சுவைப்பதும் புதிதன்று, அதற்காகக் கூசுவதும் புதிதன்று. வெற்றியின் களிப்பை மட்டும் தேடி அமர்ந்தால் அது வீண் பொழுதுபோக்கே. முடிவு எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்ற சோம்பல் நினைப்பு கலையுமானால், அந்த மேசை நமக்கு வரலாற்று வகுப்பாகிறது.

அச்சிட்ட விதிகளோடு நம் மேசைக்கென்று ஒரு சொந்த விதியையும் சேர்த்திருக்கிறோம்: பகடை விழுந்த பிறகு யாரும் காயைத் திரும்ப எடுக்கக்கூடாது. ஆர்வமுள்ளோர் வந்து அமரலாம். 'மிட்வே'யில் ஜப்பானியத் தரப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.